பதினொரு கெண்டைக்குப் பேர் போட்டவர்

பதுளையில் நான் இருந்த ஒன்பது நாளில் ஏழு நாள் மழை. திங்கட்கிழமை பிற்பகல் வந்து இறங்கியபோது தொடங்கியது. அறைக்குப் போய்க் காலுறையைக் கழற்றிப் பிழிந்தபோதும் நிற்கவில்லை. அந்தக் காலுறை ஊர் திரும்பும்வரை காயவில்லை. கார்த்திகையில் திருச்சியிலும் மழை உண்டு. ஆனால் அது பெய்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். இங்கே அதற்கு வேறு வேலை இல்லை.

முதல் இரவு தங்கியது கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில். கடைக்காரரின் முன்னோர் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களாம். இரவுச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்தே வந்தது. சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, தேங்காய்ப்பால் ஊற்றிய பருப்பு, அப்பளம். எங்கள் தெருவில் பருப்பில் தேங்காய்ப்பால் ஊற்றினால் ஏன் என்று கேட்பார்கள். நான் ஒன்றும் கேட்காமல் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

“நாளைக்கு எங்கங்க போறீங்க?” என்றார் கடைக்காரர்.

“ஸ்பிரிங்வெளிப் பக்கம், ஒரு தோட்டத்துக்கு.”

“தோட்டத்துக்கா? அங்க யாரையும் நம்பி ஒரு காரியத்தைக் குடுக்காதீங்க. அவங்க வேற, நாம வேற.”

அவர் பேச்சும் தோட்டத்துப் பேச்சும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கின்றன, இரண்டும் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் எந்த பஸ்ஸிலும் கேட்கிற பேச்சு என்றேன். அவர் அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆற்று மீன்களின் நடமாட்டத்தை ஆராயும் ஒரு சிறிய நிறுவனத்தில் பதிவேடுகள் என் பொறுப்பு. மீனின் வயிற்றில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ரேடியோக் கருவியை வைத்துத் தைத்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். கரையில் நின்று ஆண்டெனாவைத் திருப்பினால் ரிசீவரில் டிக், டிக் என்று கேட்கும். ஒவ்வொரு மீனுக்கும் ஓர் அலைவரிசை. எந்த மீன், எந்த நேரம், எந்த மடு என்று எழுதிக்கொண்டே வந்தால், ஓராண்டில் அந்த மீன் எங்கே உண்கிறது, எங்கே ஒதுங்குகிறது, எங்கே முட்டையிடப் போகிறது என்பது தெரியும். காவிரியில் பல ஆண்டுகள் இதைச் செய்திருக்கிறோம். சென்ற மாசியில், இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஸ்பிரிங்வெளிக்குக் கீழே ஓடும் ஆற்றில் பதினொரு பெரிய கெண்டைகளுக்குக் கருவி வைத்தோம். உள்ளங்கை அகலச் செதில் உள்ள கெண்டை. சிங்களத்தில் லெஹெல்லா.

அந்த ஆற்றில் தோட்டத்தின் மேல் டிவிசன் வழியாக ஒரு கிளையாறு இறங்கிச் சேர்கிறது. கிளையாற்றில் தடுப்பு கட்டி, தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. கெண்டைகள் கிளையாற்றுக்குப் போகின்றன என்றால் அனுமதி கிடைக்காது. ‘இவை மடுவை விட்டு நகர்வதில்லை’ என்று எங்கள் அறிக்கை சொன்னது. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். பிறகு மேல் டிவிசன் மாதர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மழைக்காலத்தில் மீன் எங்கள் பீலிக்கு மேலே வருகிறது, நாங்கள் குடிக்கிற தண்ணீரும் அதுதான், உங்கள் ஆட்கள் யாரும் எங்களைக் கேட்கவில்லை என்று நான்கு வரி. அனுமதி பற்றிய விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை. அதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள்.

செவ்வாய் காலை தோட்டத்து பஸ் பாதி வழியில் நின்றது. மேட்டிலிருந்து மண் சரிந்து சாலையில் முழங்கால் உயரம் கிடந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, “இந்தப் பக்கம் டிக்கட் எடுத்தவங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க, அந்த பஸ் வந்தா ஏறிக்கலாம்,” என்றார். “வராட்டி?” என்று ஒருவர் கேட்டார். “வராட்டி நடக்கிறது ஒடம்புக்கு நல்லது.” யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றைத் தாண்டி நடந்தார்கள். எங்கள் ஊராக இருந்தால் முதலில் வீடியோ எடுத்திருப்பார்கள். நான் ஆண்டெனாவைத் தோளில் சாய்த்தபடி நாற்பது நிமிடம் நடந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மலையிலிருந்து கூவிக் கேட்டார்கள்: “ஐயா, டிவி எந்த வீட்டுக்குங்க?”

முத்துலிங்கம் சாலை வளைவில் குடையோடு நின்றிருந்தார். அந்தத் தோட்டத்தில் முப்பது ஆண்டு கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துவிடும் இடத்தில், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவது அவர் வேலை. அதனால்தான் மீன் பதிவுக்கும் அவரையே வைத்தோம். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை ஆற்றங்கரையில் நடந்து எழுத வேண்டும். பத்து மாதமாக அவருடைய தாள்கள் எனக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்தன. அப்படி ஓர் எழுத்தை நான் பார்த்ததில்லை. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, சித்திரையிலிருந்து ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எங்கள் அலுவலகக் கூட்டத்தில் அந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டி, பதிவு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசியிருக்கிறேன்.

அவர் வீடு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா. மனைவி பாக்கியம் தேங்காய்ப்பூ போட்ட கனமான ரொட்டியும் இடிசம்பலும் வைத்தார். சம்பலின் காரத்தில் என் கண்ணாடி பனித்துவிட்டது.

“முப்பது வருசம் பொம்பளைங்களுக்குப் பேரு போட்டாரு. இப்ப மீனுக்குப் போடுறாரு,” என்றார் பாக்கியம். “பெரட்டுக்குக் கூப்பிட்டா வருதுங்களான்னு ஒரு நா கேட்டேன். மூணு நா பேசல.”

“நீ கொஞ்சம் சும்மா இரு,” என்றார் முத்துலிங்கம். “ஐயா இந்தியாவுலருந்து வந்திருக்காரு.”

“வந்தவரு சிரிக்கிறாருல்ல.”

நான் சிரித்ததும் உண்மை. அன்று மாலை மழை வலுத்ததால் ஆற்றுக்குப் போகவில்லை; அன்றிலிருந்து அவர்கள் வீட்டிலேயே தங்கினேன்.

புதன் காலை ஐந்தரைக்குக் கல்மடுவுக்கு இறங்கினோம். ஆற்றில் அதுதான் மிகப் பெரிய ஆழம். பத்து மாதத் தாள்களின்படி பதினொரு கெண்டைகளும் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. சில நாள் அதற்குக் கீழே உள்ள வளைவில். தண்ணீர் செந்நிறமாகச் சுழன்றது. முத்துலிங்கம் ஆண்டெனாவைப் பிடிக்கிற விதத்தில் ஒரு குறையும் இல்லை. மெதுவாக, முழு வட்டம். ஒன்றாம் எண்ணிலிருந்து பதினொன்று வரை அலைவரிசையை மாற்றினார். இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆழமான தண்ணீரில் சில சமயம் சத்தம் மேலே வராது. அதனால் வேறு மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்கச் சொன்னேன். வளைவுக்கும் போனோம். அங்கும் ஒன்றும் இல்லை.

முத்துலிங்கம் ஒரு பாறையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, பேனாவை எடுத்து, எழுதத் தொடங்கினார். ஒன்று, கல்மடு. இரண்டு, கல்மடு. மூன்று, வளைவு. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் மறைக்கவில்லை. பதினொரு கட்டத்தையும் நிரப்பிவிட்டு மைக்கு மேல் ஊதினார்.

“ஒன்றும் கேட்கவில்லையே?” என்றேன்.

“இன்னைக்குக் கேக்கலைங்க.”

“பிறகு எதை வைத்து எழுதினீர்கள்?”

“இதுகதான் இருக்குதே. வேற எங்க போகும்?” அவருக்கு என் கேள்வி புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “கேக்குற அன்னைக்கு எங்க கேட்டிச்சோ, கேக்காத அன்னைக்கும் அங்கதான போடணும்?”

“எத்தனை நாள் இப்படி?”

“மாசி, பங்குனி நல்லாக் கேட்டிச்சுங்க. சித்திரை மழைக்குச் சத்தமே இல்ல. ஆனி, ஆடியில திரும்பக் கேட்டிச்சு. ஐப்பசி பொறந்ததுலருந்து ஒண்ணையும் காணல.”

அந்த ஆற்றைப் பற்றி யாரும் எழுதாத ஓர் உண்மையை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மழைக்கு மீன் மடுவை விட்டுப் போகிறது, வெயிலுக்குத் திரும்பி வருகிறது. தாளில் அதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. எந்த நாள் கேட்டது, எந்த நாள் கேட்கவில்லை என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். “முடியாதுங்க,” என்றார். “எல்லாம் ஒரே மையி.”

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று நாட்குறிப்பில் எழுதவில்லை. அவர் மேலே ஏறி வீட்டுக்குப் போய், துணிப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்த ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அவருடைய ஓய்வுப் பத்திரமும் மகளின் கல்யாணப் பதிவும் இருக்கிற அதே உறை. என் கடிதம்தான் அது. பங்குனி மாதத் தாள்களில் பத்தொன்பது கட்டம் காலியாக இருப்பதைக் கண்டு நான் எழுதியது. ‘எக்காரணம் கொண்டும் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது.’ அடியில் கோடு வேறு போட்டிருந்தேன். கேட்காவிட்டால் ‘கேட்கவில்லை’ என்று எழுத வேண்டும் என்பது எனக்கு அவ்வளவு தெரிந்த விஷயம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

“செக்ரோல்ல ஒரு கட்டம் காலியா இருந்தா என்னான்னு தெரியுங்களா?” என்றார். “அந்தப் பொம்பளைக்கு அன்னைக்குப் பேரு இல்ல, கூலியும் இல்ல. புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒருத்தி மலைக்கு வரலன்னு வைங்க. அவ ஓடியா போயிட்டா? லயத்துலதான இருக்கா? நான் பேரு போட்டுருவேன். தொரை கேட்டா, அந்தா மேட்டுல நிக்கிறான்னு கையைக் காட்டிருவேன். முப்பது வருசத்துல ஒரு பொம்பளை பேரையும் நான் வெட்டினதில்ல.” பிறகு, என்னைப் பார்க்காமல், “கேக்கலன்னு எழுதலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுதியிருப்பேனுங்க,” என்றார்.

பாக்கியம் அன்று பகடி எதுவும் பேசவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனார். தேயிலை விளைகிற மலையில் தேயிலைத் தூள் இவ்வளவு மட்டமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. திருச்சியில் எங்கள் அலுவலக வாசலில் இதைவிட நல்ல தேநீர் கிடைக்கும். நல்லது எல்லாம் கப்பலேறி விடுகிறது என்றார் முத்துலிங்கம், என் முகத்தைப் பார்த்து.

வியாழன் அன்று மேல் டிவிசனுக்கு ஏறினேன். வழி காட்டியவர் செல்வராணி; அந்த நான்கு வரிக் கடிதத்தை எழுதிய மாதர் சங்கத் தலைவி, கொழுந்து எடுப்பவர். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக ஏறினார். நான் நின்று நின்று ஏறினேன்.

“எழுதிப் போட்டு ரெண்டு மாசமாச்சு. இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?” என்றார்.

“விசாரணைக்கு முன்னால் வந்துவிட்டேன்.”

“பெரிய காரியந்தான்.”

பீலி என்பது ஓடையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய நீர்த்தாரை. லயத்துக்கே அதுதான் குடிநீர், குளியல், துவையல் எல்லாம். அதற்கு மேலே நூறு அடியில் கிளையாறு மூன்று சிறு குட்டைகளாகத் தேங்கி, கூழாங்கல் மேல் தெளிவாக ஓடியது. ரிசீவரைத் திறந்து ஏழாம் எண்ணுக்கு வைத்தேன். ஆண்டெனாவைத் திருப்பக்கூட இல்லை. டிக், டிக், டிக் என்று அவ்வளவு பலமாக அடித்தது. ஒலியைக் குறைக்க வேண்டியிருந்தது. நான்காம் எண்ணும் அங்கேதான். நேரம் ஒன்பது பதினேழு. மேலும் அரை மணி நேரம் நடந்ததில் ஒன்பதாம் எண்ணும் கேட்டது. நடுக்குட்டையில் ஒரு பழுப்பு முதுகு திரும்பியது, வால் தெரிந்தது, மறைந்தது.

“இதுக்கா இவ்வளவு சாமான்?” என்றார் செல்வராணி. “துணி தொவைக்கையில காலுக்கு நடுவுல போவுது. எங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பமே.” பிறகு மேட்டைக் காட்டினார். கம்பெனி ஆட்கள் சிவப்புச் சாயம் அடித்த முளைக்குச்சிகளை நட்டிருந்தார்கள். “அந்தப் பக்கமாத்தான் கானு வெட்டிக் கொழாய் போடப் போறாங்களாம். மீரியபெத்தையில மலை எறங்கி லயத்தையே மூடினத மறந்துட்டாங்க போல. தண்ணியும் போயிரும், மண்ணும் வந்துரும்.”

கீழே வந்து பார்த்தபோது என் காலில் பதினான்கு அட்டைகள். செல்வராணி சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஒவ்வொன்றாக உதிர்த்தார். “இந்தியா ரத்தம் ருசியாத்தான் இருக்கும் போல,” என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது என்று அப்போது நினைத்தேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் கிளையாற்றில் கேட்டு, ஏழு மீன்களை அங்கே பதிந்தேன். ஆனால் மூன்று நாள் பதிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. பத்து மாதப் பதிவு அதற்கு எதிராக நின்றது. விசாரணை நடத்தும் பதுளை அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டேன். பதிந்தவரே தன் பதிவு தவறு என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அதை நீக்க முடியும் என்றார்கள். திருச்சிக்கும் பேசினேன். எங்கள் மேலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“அவர் எழுதிக் கொடுக்கட்டும். நல்லது. உங்கள் கடிதத்தை இணைக்க வேண்டாம். அது நமக்குள் எழுதிக்கொண்டது.”

“அந்தக் கடிதத்தால்தானே இது நடந்தது?”

“பொய்யாக எழுதச் சொன்னீர்களா? இல்லையே. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.”

கடிதத்தின் அலுவலகப் பிரதி என் கோப்பில் இருந்தது. எந்தப் பயணத்துக்கும் நான் எல்லாப் பிரதிகளையும் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

சனி மாலை முத்துலிங்கத்திடம் சொன்னேன். நீங்கள் எழுதிக் கொடுத்தால் கிளையாறு தப்பும், கொடுக்காவிட்டால் நான் எழுதிய அறிக்கை நிற்கும் என்றேன். அவர் யோசிப்பதாகச் சொன்னார். கணக்கப்பிள்ளையாக இருந்தவர் பொய்க் கணக்கு எழுதினார் என்று சிங்களத்தில் ஒரு தாள், அவர் கையெழுத்தோடு, அரசாங்க அலுவலகத்தில் இருக்கும். அவருக்கு அதுதான் தடையாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை செல்வராணி இரண்டு பெண்களோடு இறங்கி வந்தார். முத்துலிங்கத்தைச் சம்மதிக்க வைக்க வந்திருக்கிறார் என்று எண்ணி நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை.

“கணக்கப்பிள்ளை ஐயா, நீங்க ஒண்ணும் எழுதிக் குடுக்க வேணாம்,” என்றார். “நாங்க வேற வழி பாத்துக்கிறோம்.”

“என்ன வழி பாப்ப?” என்றார் முத்துலிங்கம்.

“ரோட்டுல குந்துவோம்.”

“குந்தினா தூக்கி வெளிய போடுவாங்க.”

“போடட்டும். எம் மூத்தவ மூளைக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எனக்கு ஒம்பது நா பேரு போட்டீங்க. கேட்டா மேட்டுல நிக்கிறான்னு சொன்னீங்க. நான் ஒங்கள இப்ப கச்சேரியில அதிகாரிங்க முன்னால கொண்டுபோய் நிறுத்தவா?”

கூட வந்த பெண்களில் ஒருத்தி, “எனக்கும் பேறுகாலத்துல போட்டாரு,” என்றாள். பாக்கியம் வாசலில் நின்றபடி, “இவருக்கு ஒடம்பு சொகமில்லாம கெடந்தப்ப யாரு போட்டா?” என்றார். தண்ணீர் போகப் போவது மேல் டிவிசன் பெண்களுக்கு. அந்தத் தண்ணீரைக் காப்பாற்றும் ஒரே காகிதத்தை வேண்டாம் என்று சொல்ல மழையில் இறங்கி வந்திருந்தார்கள். நான் அந்த வீட்டில் ஒரு ஓரமாக, ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

முத்துலிங்கம் திங்கட்கிழமை முழுவதும் ஆற்றங்கரைக்கு வரவில்லை. மாலையில், “நாளைக்கு மொத பஸ்ஸுல போவம்,” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பெரட்டுக்குப் போகிற நாட்களில் போட்டதாம். பதுளை அலுவலகத்தில் எங்களுக்கு நாற்காலி கொடுத்தார்கள். அவர் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். விசாரித்த அதிகாரி என் வயதுள்ள ஓர் அம்மாள், சிங்களவர், மரியாதையானவர். எதிரே கம்பெனிப் பொறியாளர் வரைபடங்களோடு இருந்தார். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. முத்துலிங்கம் இரவே எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தார். அதே எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல். அம்மாள் படித்துவிட்டு அவரிடம் ஏதோ கேட்டார். அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார். அம்மாள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். அவர் மறுபடியும் அதையே சொன்னார். பொறியாளர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார், அம்மாள் சிரிக்கவில்லை.

முடிவை எனக்கு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பழைய பதிவு நீக்கப்படுகிறது. புதிதாக ஓராண்டு பதிவு செய்ய வேண்டும். அதுவரை கிளையாற்றில் வேலை நடக்கக் கூடாது. இந்தப் பதிவாளர் இனி எந்தப் பதிவிலும் இருக்கக் கூடாது. அவர் பெயர் விலக்கப்பட்டவர்களின் பட்டியலில் சேர்க்கப்படும். எங்கள் நிறுவனத்தின் மேல் குறை எதுவும் எழுதப்படவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முப்பத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

வாசலில் நின்று, “அந்த அம்மா உங்களிடம் இரண்டு முறை என்ன கேட்டார்?” என்றேன்.

முத்துலிங்கம் குடையை விரித்தார். “யாராச்சும் இப்பிடி எழுதச் சொன்னாங்களான்னு கேட்டாங்க. எழுத்துல ஏதாச்சும் இருக்கான்னு.”

“நீங்கள்?”

“இல்லைன்னேன்.”

“கடிதம் உங்களிடம் இருக்கிறதே.”

“இருக்கு. வீட்டுல இருக்கு.” ஒரு அடி நடந்துவிட்டு நின்றார். “ஒங்களுக்கும் வேல இருக்கணும்ல. குடும்பஸ்தர்.”

என் கோப்பு கையில்தான் இருந்தது. அதில் பிரதி இருந்தது, பங்குனித் தாள்களுக்கு அடுத்து. அந்த அம்மாள் இன்னும் அறையில் இருந்தார், கதவு திறந்திருந்தது. பத்துப் படி ஏற வேண்டும். எதிரே பஸ் நிலையத்தில் தோட்டத்து பஸ் உறுமிக்கொண்டு நின்றது, கண்டக்டர் கையைத் தட்டினார். முத்துலிங்கம் எனக்காகக் குடையைச் சாய்த்துப் பிடித்தார். நான் அந்தக் குடைக்குள் போய், பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் செல்வராணி இருந்தார். வேலைக்குப் போகாமல் காலையிலிருந்தே பஸ் நிலையத்தில் காத்திருந்திருக்கிறார். முத்துலிங்கத்துக்கு இடம் போட்டு வைத்திருந்தார்.

“என்னாச்சுங்க?”

“ஒரு வருசம் தள்ளி வச்சிருக்கு. அதுவரைக்கும் கம்பை ஊனக் கூடாது.”

“ஒங்கள என்ன சொன்னாங்க?”

“என்ன சொல்லுவாங்க.” அவர் சட்டைக் கையின் ஈரத்தைத் தட்டிவிட்டார். “பேரை வெட்டிட்டாங்க.”

செல்வராணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஊரைத் தாண்டி மேட்டில் ஏறத் தொடங்கிய பிறகுதான் பின்னால் திரும்பினார். நான் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல.

“ஒங்களுக்கு ஒண்ணும் கரச்சல் இல்லையேங்க?”

“இல்லை,” என்றேன்.

“அதாச்சும் நல்லதாப் போச்சு,” என்று சொல்லி, பையிலிருந்து பணிஸ் என்கிற பன் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.